ஏபிஎஸ் உள்ள பழைய காரில் பிரேக் பாகங்களை மாற்றி ஏர் எடுக்கும் முறை

இந்தியாவில் புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், அப்போது விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும், அவசரமாக பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன்பு வந்த கார்களில் பெரும்பாலும் விலை கூடிய வகைகளில்தான் அது கிடைத்தது. எனவே மதுரையில் இன்று கைமாறிக்கொண்டிருக்கும் பத்து, பதினைந்து வயதுக் கார்களில், ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் ஒரு வண்டியில் ஏபிஎஸ் இருக்கும், பக்கத்தில் நிற்கும் வண்டியில் இருக்காது. பட்டறைகளிலோ இரண்டுக்கும் ஒரே மாதிரி பிரேக் வேலை நடக்கிறது. டிஸ்க்கைப் பிடிக்கும் பேட்டை மாற்றுவதும், பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுப்பதும்’ பழகிய கைக்கு எளிய வேலைகள்தாம். ஆனால் ஏபிஎஸ் உள்ள காரில் கவனம் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். புகுந்துவிட்ட ஏரை எப்படி வெளியே எடுப்பது என்பதைவிட, ஏரும் அழுக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் புகாமல் வேலையை எப்படி முடிப்பது என்பதே இங்கு முக்கியம்.

அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்படும் ஒவ்வொரு படியும் தானாகவே விளங்கும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாய்கள் நேரே சக்கரங்களுக்குப் போகாமல், என்ஜின் அறையில் உள்ள ஓர் அலுமினியப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு மின்வால்வுகள் உண்டு. உள்வால்வு சாதாரண நேரத்தில் திறந்தே இருக்கும். வெளிவால்வு மூடியே இருக்கும். சக்கரம் உருளாமல் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று வேக சென்சார் சொன்னவுடன், உள்வால்வு மூடி, வெளிவால்வு திறந்து, அந்தச் சக்கரத்தின் அழுத்தம் ஒரு சிறு அறைக்குள் இறங்கும். அங்கிருந்து ஒரு மோட்டார் பம்ப் ஆயிலை மறுபடி மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தள்ளும். அப்போதுதான் பெடல் காலடியில் துடிக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, வெளிவால்வுக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதி, நாம் சாதாரணமாகப் பெடலை மிதிக்கும்போது ஆயில் ஓட்டத்தில் சேர்வதே இல்லை என்பதாகும். அங்கே ஏர் நுழைந்துவிட்டால், நூறு முறை பெடலை மிதித்து ஏர் எடுத்தாலும் அது அசையாது. என்றைக்கோ ஒரு நாள் அவசரமாக பிரேக் அடித்து ஏபிஎஸ் வேலை செய்யும்போது வால்வு திறக்கும்; அதுவரை அடைபட்டிருந்த ஏர் பிரேக் குழாய்க்குள் வந்து சேரும்; அதுவரை கெட்டியாக இருந்த பெடல் அதன்பின் தளர்ந்து போகும்.

வேலையைத் தொடங்கும் முன் டாஷ்போர்டு விளக்குகளைப் படிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். விற்பதற்கு முன் பல்பைக் கழற்றிவிட்டவர்கள் ஊரில் உண்டு. விளக்கு அணையாமல் நின்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஏபிஎஸ் மட்டும் செய்யாது என்று பொருள். ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஆயில் அளவும் சரியாக இருந்தால், முன்பின் பிரேக் விசையைப் பகிர்ந்தளிக்கும் வேலையும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும் ஆபத்து இருப்பதால் வேகமாக ஓட்டக் கூடாது.

விளக்கு எரிவதற்குப் பெரும்பாலான நேரம் ஆயிலோ பெட்டியோ காரணம் அன்று. சக்கர சென்சார்தான் காரணம். மேலூர்ப் பக்கத்துக் கல்தூசியிலும், மழைக்காலத்துக் கண்மாய்க்கரைச் சேற்றிலும் ஓடும் வண்டிகளில் சென்சார் முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும், வயர் உராய்ந்து அறுந்திருக்கும், அல்லது அச்சில் இருக்கும் பல் வளையம் துருவேறி விரிசல் விட்டிருக்கும். வண்டி மெதுவாக நிற்கப் போகும் கடைசி நேரத்தில் காரணமே இல்லாமல் பெடல் துடித்தால் அந்த வளையத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சக்கர பேரிங் மாற்றிய பிறகு விளக்கு எரியத் தொடங்கினால், காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஏர் எடுப்பது மருந்தாகாது.

தேவைப்படும் பொருள்கள் அதிகம் இல்லை. வண்டியைத் தூக்க ஜாக்கியும், தூக்கிய பின் தாங்க இரண்டு ஸ்டாண்டுகளும், உருளாமல் தடுக்கக் கட்டைகளும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி சக்கரத்தைக் கழற்றிக் கையை உள்ளே விடக் கூடாது. செங்கல்லை ஸ்டாண்டாக வைக்கக் கூடாது, பாரம் ஏறினால் அது பிளக்கும். ஏர் வெளியேறுவதற்காகத் திறக்கும் பிளீடர் ஸ்க்ரூவுக்கு வண்டியைப் பொறுத்து 8 முதல் 11 மில்லிமீட்டர் வரையான ரிங் ஸ்பானரும், குழாய் நட்டுகளுக்கு வாய் பிளந்த பிளேர் நட் ஸ்பானரும் தேவை. சாதாரணத் திறந்த வாய் ஸ்பானரைப் போட்டால் பழைய நட்டின் முனை மழுங்கிவிடும். அதற்குப் பின் குழாயையே மாற்ற வேண்டி வரும். பிளீடர் முனையில் இறுக்கமாக உட்காரும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்று, பழைய தண்ணீர் பாட்டில் ஒன்று, சிலிக்கான் பிரேக் கிரீஸ், பிரேக் கிளீனர், நிறைய துணி ஆகியவை போதும்.

பிரேக் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. பிரேக் ஆயில் தொட்டியான ரிசர்வாயரின் மூடியில் ஆயிலின் தர வகை டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே வாங்க வேண்டும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஆனால் இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மை உடையது. ஈரம் ஏறிய பிறகு தர அளவு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. வத்தலக்குண்டு பக்கமாகக் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும்போதோ, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரத்தோடு இறங்கும்போதோ டிஸ்க் சூடேறி அந்த வெப்பம், பேட்டுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் போனால், ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவியாகும்; ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். டாட் 5 என்று தனித்து எழுதியிருப்பது சிலிக்கான் ஆயில். அதை ஏபிஎஸ் காரில் ஊற்றவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு வகை, டாட் 4-உடன் சேரும். பெயர் ஒத்திருப்பதால் கடையில் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முத்திரை உடையாத பாட்டிலாக ஒரு லிட்டர் வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் போதும். அரைப் பாட்டில் மிஞ்சியதென்று போன வருடத்திலிருந்து அலமாரியில் இருப்பதை எடுத்து ஊற்ற வேண்டாம்.

இந்த ஆயில் பெயின்டைத் தின்னும். பானட் ஓரத்தில் சிந்தினால் துடைத்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதேபோல் பிரேக்கின் ரப்பர் பாகங்களை பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவக் கூடாது. பட்டறைகளில் எல்லாவற்றையும் டீசல் தட்டில் போட்டுத் தேய்ப்பது பழக்கமாகிவிட்டது. பிரேக் ரப்பரில் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப் பருத்து, பிஸ்டன் திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும். ரப்பரைப் புது பிரேக் ஆயிலால் துடைத்தால் போதும்.

பேட் மாற்றுதல்

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கர நட்டுகளைச் சற்றே தளர்த்திய பின் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைக்கவும். எதையும் கழற்றுவதற்கு முன்பாக, நான்கு சக்கரங்களிலும் பிளீடர் ஸ்க்ரூ அசைகிறதா என்று பார்ப்பது என் கருத்தில் முதல் வேலை. பழைய வண்டியில் அவை துருப்பிடித்து உறைந்திருக்கும். முந்தின நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, டிஸ்க்கில் படாமல் துடைத்துவிட்டு, மறுநாள் ஆறுமுனை சாக்கெட்டால் மெல்லத் தட்டித் திருப்ப வேண்டும். அழுத்தித் திருகினால் ஸ்க்ரூ முறியும். முறிந்தால் காலிப்பரோ, டிரம் பிரேக்கில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரோ புதிதாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகு இது தெரிய வருவதைவிட, கடை திறந்திருக்கும் நாளில் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

காலிப்பரைக் கழற்றியதும் ஆயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும். பேட்டில் தேயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். எப்போதும் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெலிந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்து மேலும் சீவுவது, வெப்பம் தாங்கும் உலோகத்தைக் குறைப்பதாகும். அதற்குப் புது டிஸ்க்தான் வழி.

இனி வருவது ஏபிஎஸ் உள்ள வண்டிக்கே உரிய படி. புது பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். வழக்கமாகச் செய்வது ரிசர்வாயர் மூடியைத் திறந்துவிட்டு, ஒரு கிளாம்பு போட்டு பிஸ்டனைத் தள்ளுவது. அப்படித் தள்ளும்போது, காலிப்பரின் அடியில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கறுத்துப்போன ஆயிலும் துகளும் பின்னோக்கிப் போய் ஏபிஎஸ் வால்வுகளுக்குள் நுழைகின்றன. அந்த வால்வுகளின் வழி மிகக் குறுகியது. சிறு துகள் ஒன்று உட்கார்ந்தாலும் வால்வு முழுதாக மூடாது. ஆகவே பிளீடர் முனையில் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கவிட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திறந்த பிறகே பிஸ்டனைத் தள்ள வேண்டும். கறுப்பு ஆயில் பாட்டிலுக்குள் வரும். பிஸ்டன் கடைசி வரை போய்ச் சேர்ந்ததும், கிளாம்பின் அழுத்தம் இருக்கும்போதே ஸ்க்ரூவை மூடிவிட வேண்டும். அழுத்தத்தை விட்ட பிறகு மூடினால் ஏர் உள்ளே இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸைக் கிளாம்பு போட்டு நசுக்கி, ஆயில் பின்னால் போகாமல் தடுக்கும் முறையும் உண்டு. பத்து வருடம் வெயிலில் காய்ந்த ஹோஸை நசுக்குவதை நான் விரும்புவதில்லை. வெளியே தெரியாமல் உள்ரப்பர் கிழிந்துவிடும்.

பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் இயங்கினால், அந்த பிஸ்டன் தள்ளினால் போகாது. திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கிளாம்பால் நெரித்தால் உள்ளே இருக்கும் திருகு அமைப்பு உடையும்.

காலிப்பர் நகர்வதற்கான பின் எனும் உருளைக் கம்பிகளைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். இந்தக் கம்பி ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் உள் பேட் மட்டும் தேய்ந்து வெளிப் பேட் புதிதாகவே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பேட் மாற்றிப் பயனில்லை. பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் படக் கூடாது. பின்பக்க டிரம்மைத் திறந்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. டிரம்மில் சேர்ந்திருக்கும் தூசியை கம்ப்ரஸர் காற்றால் ஊதுவது கூடவே கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் வழித்தெடுக்க வேண்டும்.

எல்லாம் பூட்டிய பின் வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல், பெடலைப் பாதித் தூரம் பாதித் தூரமாகப் பல முறை மிதித்துக் கெட்டியாக வரும்வரை பார்க்க வேண்டும். பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி இருப்பதால் முதல் சில மிதிகள் வெறுமையாகத்தான் போகும்; அதை மறந்து வண்டியைப் பின்னால் எடுத்தவர்கள் சுவரில்தான் நிறுத்துகிறார்கள்.

ஹோஸ், காலிப்பர், குழாய் மாற்றும்போது

இவற்றில் எதைத் திறந்தாலும் புவியீர்ப்பிலேயே ஆயில் சொட்டிக்கொண்டு இருக்கும். ரிசர்வாயர் காலியாகிவிட்டால் ஏர் மாஸ்டர் சிலிண்டர் வழியாக ஏபிஎஸ் பெட்டியை நோக்கிப் போகும். இதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு: பெடலை ஒரு கட்டையால் ஓர் அங்குலம் அமுக்கி, இருக்கைக்கு முட்டுக் கொடுத்து வைத்துவிட்டால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ரிசர்வாயர் துளையை மூடிக்கொள்ளும், கீழே சொட்டுவது ஏறக்குறைய நின்றுவிடும். புதுப் பாகத்தைக் கையருகே தயாராக வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும். திறந்த குழாய் வாய்க்கு ரப்பர் மூடி போட வேண்டும்; துணி செருகினால் அதன் நூல் உள்ளே போகும். ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

காலிப்பரை மாற்றும்போது இடது வலது பார்த்துப் பூட்டவும். மாற்றிப் பூட்டினாலும் பல வண்டிகளில் அது சரியாகவே உட்காரும், ஆனால் பிளீடர் ஸ்க்ரூ மேலே வருவதற்குப் பதில் கீழே வந்துவிடும். ஏர் மேலே நிற்கும், ஸ்க்ரூ கீழே இருக்கும்; எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும்.

ஏர் எடுத்தல்

சாவியை முழுதாக மூடி, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் உள்ள வெற்றிடம் தீரும்வரை பெடலைச் சில முறை மிதித்துவிட வேண்டும். ரிசர்வாயரில் உள்ள பழைய ஆயிலை ஊசி போடும் பெரிய சிரிஞ்சால், அடியிலுள்ள துளைகள் வெளியே தெரியாத அளவுக்கு உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயிலை மேல்கோடு வரை ஊற்ற வேண்டும். அப்போதுதான் சுத்தமான ஆயில் ஏபிஎஸ் பெட்டி வழியாகப் போகும். பழைய கசடு முழுவதையும் அதன் வழியே தள்ள வேண்டியதில்லை.

எந்தச் சக்கரத்திலிருந்து தொடங்குவது என்பதற்கு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமானது முதலில் என்பதே பழைய விதி. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். ஆனால் முன்சக்கர இழுவையுள்ள சிறிய கார்கள் பலவற்றில் ஒரு முன்சக்கரமும் அதன் எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே இணைப்பில் இருக்கும். அவற்றுக்கும், ஏபிஎஸ் உள்ள சில மாடல்களுக்கும் தயாரிப்பாளர் வேறு வரிசை கொடுத்திருப்பார். சர்வீஸ் மானுவலில் உள்ள வரிசையே இறுதி. கிடைக்காதபோது மட்டும் பழைய விதியைப் பின்பற்றலாம்.

இருவர் சேர்ந்து செய்யும் முறையில் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும். சக்கரத்தடியில் இருப்பவர் “மிதி” என்றால் உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து, “பிடிச்சிருக்கேண்ணே” என்று பதில் சொல்ல வேண்டும். அதன்பின் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திறந்தால் ஆயில் பாட்டிலுக்குள் ஓடும், பெடல் இறங்கும். ஸ்க்ரூவை மூடிய பிறகு “விடு” என்று சொன்னால் மட்டுமே பெடலை விட வேண்டும். சொல்வதற்கு முன் விட்டுவிட்டால் ஏர் உள்ளே போய்விடும். சமையலறைப் பக்கம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மிதிக்கும் உதவியாளரைவிட, தனியாகவே செய்வது மேல்.

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடக் கூடாது. வழக்கமாக மிதிக்கும் தூரத்துக்கு அப்பால், மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரில் பிஸ்டன் ரப்பர் போய்ப் பழகாத பகுதி துருவேறிச் சொரசொரப்பாக இருக்கும். அங்கே ரப்பரைத் தள்ளினால் உதடு கிழியும். ஏர் எடுக்கப் போனவர்கள் பலர் மாஸ்டர் சிலிண்டருக்கும் சேர்த்துச் செலவு செய்வது இதனால்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் பாதித் தூரத்தோடு நின்றுவிடும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கைந்து மிதிக்கு ஒரு முறை ரிசர்வாயரைப் பார்த்து நிரப்ப வேண்டும். இதை எத்தனை முறை வலியுறுத்தினாலும் தகும்: ரிசர்வாயர் ஒரு முறை வற்றினால், அதுவரை செய்த வேலை வீண் என்பதோடு, ஏபிஎஸ் பெட்டிக்குள்ளும் ஏர் போயிருக்கலாம். குழாயில் குமிழி நின்று, ஆயிலின் நிறம் புது ஆயிலைப் போல் மாறும்வரை தொடர வேண்டும். கடைசியில் ஸ்க்ரூவை அளவாக இறுக்கினால் போதும். பல வண்டிகளில் அதன் இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவே. அதன்மேல் ரப்பர் தொப்பியைப் போட மறக்கக் கூடாது, அடுத்த முறை துரு பிடிக்காமல் இருப்பது அதனால்தான்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் ரிசர்வாயர் மூடிக்குப் பதிலாக மாட்டும் அழுத்தக் கருவியை 1 முதல் 1.5 பார் அழுத்தத்துக்குள் பயன்படுத்தலாம். ஏபிஎஸ் வண்டிக்கு நான் இதையே சிறந்ததாகக் கருதுகிறேன், பெடலைத் தொடவே வேண்டாம், ஆயில் தொடர்ச்சியாக ஓடும். பிளீடர் பக்கத்திலிருந்து உறிஞ்சும் வெற்றிடப் பம்பில் ஸ்க்ரூவின் மரை வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து வருவதால் குமிழி நிற்பதே இல்லை, ஏமாந்து போவோம். எதுவுமே இல்லையென்றால் ஸ்க்ரூவைத் திறந்துவிட்டுப் பொறுமையாகச் சொட்டவிட்டாலும் ஆயில் மாறும்.

ஏபிஎஸ் பெட்டியையே மாற்றும்போது

இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அன்று. முதலாவதாக, பெட்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். சில பழைய பஜேரோ, பிராடோ போன்ற பெரிய வண்டிகளில் வெற்றிட பூஸ்டருக்குப் பதிலாக மின்பம்பும் அழுத்தச் சேமிப்புக் கலமும் இருக்கும். வண்டி நின்றிருந்தாலும் அதில் மிக உயர்ந்த அழுத்தம் தேங்கி நிற்கும். சாவியை மூடிய நிலையில் பெடல் கனமாகும்வரை நாற்பது முறையாவது மிதித்து அந்த அழுத்தத்தை இறக்காமல் குழாயைத் திறந்தால் ஆயில் பீறிட்டுக் கண்ணையும் தோலையும் சேதப்படுத்தும். இந்த வகையில் ஏர் எடுக்கும் முறையும் வேறு. பின்சக்கரங்களுக்குச் சாவி போட்டு பம்ப் ஓடும்போது எடுக்க வேண்டிய வண்டிகள் உண்டு. மானுவல் இல்லாமல் தொடக் கூடாது.

சாதாரண வகையிலும், பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்கும் அடையாளம் கட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகே திறக்க வேண்டும். முன் இடது குழாயும் பின் வலது குழாயும் இடம் மாறிப்போனால் சாதாரணமாக பிரேக் பிடிக்கும். ஏபிஎஸ் வேலை செய்யும் நேரத்தில் தவறான சக்கரத்தின் அழுத்தம் இறங்கும். பழைய சாமான் கடையில் கழற்றிய பெட்டியை வாங்கினால் பாக எண் எழுத்து எழுத்தாக ஒத்திருக்க வேண்டும், குழாய் வாய்கள் மூடியிருக்க வேண்டும். வாய் திறந்து மழையில் கிடந்த பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பூட்டி, சாதாரண முறையில் ஏர் எடுத்த பின், காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி மூலம் பெட்டியின் வால்வுகளையும் பம்பையும் இயக்கி, உள்ளே அடைபட்ட ஏரை வெளியே தள்ளி, மறுபடியும் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பெரும்பாலும் என்ஜினின் கோளாறுக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அவற்றால் ஏபிஎஸ் வால்வை இயக்க முடியாது. உங்கள் மாடலுக்கு ஏபிஎஸ் ஏர் எடுக்கும் வசதி தங்கள் ஸ்கேனரில் உண்டா என்று பட்டறையில் கேட்டு, “உண்டு” என்ற பதில் வந்த பிறகே வண்டியை விட வேண்டும். சில மாடல்களில் புதுப் பெட்டியை அந்தக் காருக்கு ஏற்ப ஸ்கேனரால் அமைக்கும் கோடிங்கும் தேவைப்படும்.

பெடல் இன்னும் தளர்வாக இருந்தால்

உடனே ஏபிஎஸ் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் பின் டிரம் ஷூக்களின் இடைவெளியைப் பாருங்கள். ஷூ தள்ளி நின்றால் பெடல் நீளமாக இறங்கும், இரண்டாம் மிதியில் மேலே வரும். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள்ரப்பர் போய்விட்டது. ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் ஹோஸைப் பார்த்தால் அது உப்புவது கண்ணுக்கே தெரியும். அப்படியானால் நான்கையும் மாற்றிவிடலாம். பேரிங் ஆட்டம் இருந்தாலும், டிஸ்க் கோணியிருந்தாலும், பேட்டுகள் பின்னால் தள்ளப்பட்டு, ஓடிய பின் முதல் மிதி மட்டும் வெறுமையாகப் போகும். இவை எதுவும் இல்லை, ரிசர்வாயர் வற்றியது மட்டும் நினைவுக்கு வருகிறது என்றால், அப்போது ஸ்கேனர் உள்ள இடத்துக்கு வண்டியை இழுத்துச் செல்ல வேண்டும். ஓட்டிச் செல்லக் கூடாது.

சோதித்தல்

என்ஜினை அணைத்த நிலையில் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்றே இறங்கி நிற்க வேண்டும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். அதன்பின் அரை நிமிடம் பிடித்துப் பார்த்து, நான்கு பிளீடர் முனைகளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் மானுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். சிறிய கார்களில் அது பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

முதல் ஓட்டத்துக்குச் சுற்றுச்சாலையோ மாட்டுத்தாவணிப் பக்கமோ ஏற்ற இடங்கள் அல்ல. விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத, இருபுறமும் வெட்டவெளியான சாலையில், முதலில் நடக்கும் வேகத்தில் நிறுத்திப் பார்த்து, பிறகு 20, பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தில் பார்க்க வேண்டும். வண்டி நேராக நிற்கிறது, பெடல் கெட்டியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே, மண் படிந்த இடத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழு மிதி மிதித்து ஏபிஎஸ்-ஐ வேலை செய்ய வைக்கலாம். காலடியில் துடிப்பும், பானட் பக்கமிருந்து கரகரவென்ற சத்தமும் வந்தால் அது சரியாக இயங்குகிறது. அப்படிச் சில முறை இயக்கிய பிறகு பெடல் முன்பைவிடத் தளர்ந்தால், பெட்டிக்குள் ஏர் இருந்திருக்கிறது என்று பொருள். வீட்டுக்கு மெதுவாக வந்து நான்கு சக்கரத்திலும் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். ஸ்கேனர் கிடைக்காத ஊர்களில் மெக்கானிக்குகள் கையாளும் வழி இதுதான். பெடல் முன்னரே கெட்டியாக இருக்கும் வண்டிக்கு மட்டும் இது பொருந்தும்.

புது பேட் டிஸ்க்குடன் ஒத்துப் படிய வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிற்காமல், இடையில் ஆறவிட்டுப் பத்து முறை செய்தால் போதும். அடுத்த 200, 300 கிலோமீட்டர் வரை பாரம் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதைத் தவிர்க்கலாம். படிந்த பிறகும், குமுளி இறக்கமானாலும் சிறுமலை இறக்கமானாலும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். புது ஆயில் இருக்கிறதென்று நியூட்ரலில் விடுவது எந்த பிரேக்குக்கும் தாங்காது.

கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் அது கிருதுமால் வாய்க்காலுக்குத்தான் போகும். என்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனி பாட்டிலில் மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் ஓடிய பிறகு ரிசர்வாயர் அளவையும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் மறுபடி பார்க்கவும். ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு டேப்பில் எழுதி ரிசர்வாயர் பக்கத்தில் ஒட்டி வைத்தால், இரண்டு வருடம் கழித்து அடுத்த மாற்றத்துக்கு வண்டி யார் கையில் இருந்தாலும் கணக்குத் தெரியும்.